ராஸ்பெர்ரி பை-ல ஸ்டெப்பர் மோட்டார் டிரைவர் மாட்டுறது எப்படி: பொம்மை போட்டோ எடுக்க ஒரு சுத்துற மேசை

வில்லியனூர் டெரகோட்டாவுக்கும் திருக்கனூர் பேப்பர் மாஷே பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கு, நம்ம புதுச்சேரிக்கு அது பெருமை தான், ஆனா அந்த பொம்மைய ஆன்லைன்ல விக்கணும்னா ஒரே ஒரு போட்டோ பத்தாது, வாங்குறவங்க முதுகுப்பக்கம் எப்படி இருக்கு, விரிசல் இருக்கா, பெயின்ட் எப்படினு சுத்தி பாக்க கேப்பாங்க. அதுக்கு ஒரு சுத்துற மேசை வேணும். பொம்மைய நடுவுல வச்சா கொஞ்சம் திரும்பும், நிக்கும், ஒரு போட்டோ எடுக்கும், மறுபடி திரும்பும், இப்படியே ஒரு முழு சுத்து. இதை ஒரு ராஸ்பெர்ரி பை (குட்டி கம்ப்யூட்டர் போர்டு, இனிமே வெறும் பை), ஒரு நீமா 17 மோட்டார் (எண்ணி எண்ணி அடி வச்சு திரும்புற ஸ்டெப்பர் மோட்டார்), ஒரு ஏ4988 டிரைவர் (பை சொல்றத கேட்டு மோட்டாருக்கு கரன்ட் குடுக்கற குட்டி போர்டு), இது மூணையும் வச்சே பண்ணிடலாம். மேசை வேணாம், வேற எதுக்காவது மோட்டார் ஓட்டணும்னாலும் வயரிங் இதே தான், அதனால காலேஜ் புராஜெக்ட் பண்ற தம்பி தங்கச்சிங்களும் படிங்க.

முதல்ல ஒரு விஷயம் மனசுல பதிய வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுலேர்ந்து தானா வந்துரும். டிரைவர் போர்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. ஒரு பக்கம் சிக்னல், 3.3 வோல்ட், கரன்ட்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, இது பையோட உலகம். இன்னொரு பக்கம் பவர், 12 வோல்ட், ஒரு ஆம்பியர் பக்கம் ஓடும், இது மோட்டாரோட உலகம். இந்த ரெண்டும் கிரவுண்ட்ல மட்டும் தான் சேரணும், வேற எங்க சேந்தாலும் ஏதோ ஒண்ணு எரியும். பையோட ஜிபிஐஓ பின் (சிக்னல் குடுக்க, வாங்க இருக்கற கம்பி முனை) எதுவும் 3.3 வோல்ட்டுக்கு மேல தாங்காது, 5 வோல்ட் பட்டாலே சிப்புக்கு ஆபத்து, 12 வோல்ட் பத்தி சொல்லவே வேணாம். ஒரு பின்னுலேர்ந்து எடுக்கக்கூடிய கரன்ட் 16 மில்லிஆம்ப் வரைக்கும் தான், அதனால எவ்வளவு சின்ன மோட்டாரா இருந்தாலும் பின்ல நேரடியா மாட்ட கூடாது. நடுவுல டிரைவர் இருக்கறதே அதுக்கு தான்.

வாங்க வேண்டியது என்னன்னா, 40 பின் இருக்கற எந்த பையும் ஓகே, ஜீரோ 2 கூட போதும் (பின் வரிசை சால்டர் பண்ணி வர்றதா பாத்து வாங்குங்க). ஏ4988 டிரைவர், கூட ஒட்டுற சின்ன ஹீட்சிங்க். நீமா 17 மோட்டார், 1.8 டிகிரி, அதாவது 200 ஸ்டெப் போட்டா ஒரு சுத்து. 12 வோல்ட் 2 இல்ல 3 ஆம்ப் அடாப்டர். 100 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒண்ணு. 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. மல்டிமீட்டர் கண்டிப்பா வேணும், அது இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வீட்டுக்கே வந்துரும், இல்ல சென்னை போற வேலை இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே நடையில எல்லாம் வாங்கிடலாம். சண்டே மார்க்கெட்ல பழைய பிரிண்டர் கெடைச்சு அதுலேர்ந்து மோட்டார் கழட்டலாம்னு நெனைக்கிறவங்க, வயர் எண்ணி பாருங்க, 4 வயர் இருந்தா தைரியமா எடுங்க, 5 வயர் இருந்தா அது யூனிபோலார்ங்கற வேற வகை, ஏ4988-க்கு ஆகாது.

அடாப்டர் விஷயத்துல ஒரு பேச்சு. இரும்பு டப்பால ஓட்டை ஓட்டையா இருக்கற எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வெல கம்மியா இருக்கும், ஆனா அதோட ஸ்க்ரூ டெர்மினல்ல 230 வோல்ட் வெளியவே நிக்கும். பட்டறையில மண்ணும் தண்ணியுமா இருக்கற எடத்துல, ஈரக்கையோட வேல பாக்கறவங்க இருக்கற எடத்துல, அது வேணவே வேணாம். லேப்டாப் சார்ஜர் மாதிரி முழுசா மூடி வர்ற அடாப்டரே வாங்குங்க.

இப்ப காயில் (மோட்டாருக்குள்ள இருக்கற கம்பிச்சுருள்) கண்டுபிடிக்கிறது. மோட்டார்ல 4 வயர் இருக்கும், ரெண்டு ரெண்டா ஒரு ஜோடி. கலர நம்பாதீங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி கலர் போடுறாங்க, நெட்ல பாத்த படத்துல சிவப்பும் நீலமும் ஜோடினு இருக்கும், உங்க மோட்டார்ல சிவப்பும் பச்சையும் ஜோடியா இருக்கும். மல்டிமீட்டர ஓம்ஸ்ல வச்சு ரெண்டு ரெண்டு வயரா தொட்டு பாருங்க, சில ஓம் காட்டுனா அது ஒரு காயில், ஒண்ணுமே காட்டலைனா வேற வேற காயில். மீட்டர் கையில இல்லாத நேரத்துல இன்னொரு வழி, ரெண்டு வயர் முனைய ஒண்ணா சேத்து பிடிச்சுட்டு ஷாஃப்ட்ட கையால திருப்புங்க, திடீர்னு இறுக்கமா ஆச்சுனா அது ஜோடி. கண்டுபிடிச்ச உடனே டேப் ஒட்டி எழுதி வச்சுருங்க.

அடுத்து டிரைவர் போர்டு. விமாட் பின் மேல வலது மூலையில வர்ற மாதிரி போர்ட பிடிச்சா, வலது பக்கம் மேலேர்ந்து கீழ விமாட், ஜிஎன்டி, 2பி, 2ஏ, 1ஏ, 1பி, விடிடி, ஜிஎன்டி. இடது பக்கம் மேலேர்ந்து எனேபிள், எம்எஸ்1, எம்எஸ்2, எம்எஸ்3, ரீசெட், ஸ்லீப், ஸ்டெப், டிர். விமாட்ங்கறது மோட்டாருக்கான 12 வோல்ட் நுழையுற பின், விடிடி சிக்னல் பக்கத்து வோல்ட், ஜிஎன்டி கிரவுண்ட், எனேபிள் மோட்டார ஆன் ஆஃப் பண்றது, ஸ்டெப் ஒரு அடி நகத்துறது, டிர் திசை. இதை தலைகீழா திருப்பி பிரெட்போர்டுல (சால்டர் பண்ணாம வயர் குத்துற ஓட்டை பலகை) குத்துனா விமாட் இருக்க வேண்டிய எடத்துல டிர் வந்து உக்காந்துரும், அதாவது 12 வோல்ட் நேரா சிக்னல் பின்னுக்கு போகும். டிரைவர் அங்கயே காலி, பையும் சேந்து போக வாய்ப்பு இருக்கு. கரன்ட் அட்ஜஸ்ட் பண்ற அந்த குட்டி ஸ்க்ரூ எந்த பக்கம் இருக்குனு பாத்து திசைய முடிவு பண்ணாதீங்க, ஏ4988-ல ஒரு முனையிலயும் டிஆர்வி8825-ங்கற இன்னொரு டிரைவர்ல எதிர் முனையிலயும் தான் பெரும்பாலும் இருக்கு. எழுத்த படிச்சு மாட்டுங்க. எழுத்து அடிப்பக்கம் இருந்தா போட்டோ எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க.

பையில பின் நம்பர் ரெண்டு விதமா சொல்லுவாங்க, போர்டுல வரிசையா எண்ணுற நம்பர் ஒண்ணு, ஜிபிஐஓ நம்பர் ஒண்ணு. வயர் மாட்டும்போது வரிசை நம்பர், புரோகிராம் எழுதும்போது ஜிபிஐஓ நம்பர். 1-ம் பின் எஸ்டி கார்டு பக்கத்து முனையில உள்வரிசையில இருக்கும், அதுக்கு நேர் பக்கத்துல போர்டு ஓரத்துல இருக்கறது 2-ம் பின், அது 5 வோல்ட், அத தொடவே தொடாதீங்க.

கனெக்‌ஷன் இப்படி. பையோட 1-ம் பின் 3.3 வோல்ட், அது டிரைவரோட விடிடி-க்கு. 9-ம் பின் கிரவுண்ட், அது விடிடி-க்கு பக்கத்துல இருக்கற ஜிஎன்டி-க்கு. 11-ம் பின், அதாவது ஜிபிஐஓ 17, ஸ்டெப்புக்கு. 13-ம் பின், ஜிபிஐஓ 27, டிர்-க்கு. 29-ம் பின், ஜிபிஐஓ 5, எனேபிளுக்கு. ரீசெட்டையும் ஸ்லீப்பையும் ஒரு சின்ன வயர் போட்டு ஒண்ணா சேத்துருங்க, பக்கத்து பக்கத்துல தான் இருக்கு. ரீசெட் பின் எதுலயும் மாட்டாம தொங்குச்சுனா மோட்டார் ஓடும், நிக்கும், கைய பக்கத்துல கொண்டு போனா மறுபடி ஓடும், பேய் புடிச்ச மாதிரி நடக்கும். எம்எஸ்1, எம்எஸ்2, எம்எஸ்3 மூணையும் 17-ம் பின்ல இருக்கற இன்னொரு 3.3 வோல்ட்ல மாட்டுங்க, 16-ல ஒரு பங்கு மைக்ரோஸ்டெப் கெடைக்கும், அதாவது ஒரு ஸ்டெப்ப 16 குட்டி அடியா பிரிச்சு போகும்.

விடிடி-க்கு 5 வோல்ட் குடுக்க சொல்லி நெறைய படத்துல பாப்பீங்க. அது ஆர்டுயினோவுக்காக (5 வோல்ட் சிக்னல் குடுக்கற வேற போர்டு) போட்ட படம். ஏ4988 டேட்டாஷீட்ல (சிப் கம்பெனி தர்ற விவரத்தாள்), சிக்னல் ஆன்-னு ஒத்துக்கணும்னா விடிடி-ல 70 சதவீதமாவது வேணும்னு இருக்கு. விடிடி 5 வோல்ட்னா 3.5 வோல்ட் வேணும், பை குடுக்கறதோ 3.3 தான். சில நேரம் ஓடும், சில நேரம் ஸ்டெப் விட்டுப்போகும், காரணமே புரியாது. விடிடி-ய 3.3-ல வச்சா 2.3 வோல்ட் போதும், பிரச்சனையே இல்ல, அந்த சிப் 3 வோல்ட்லேர்ந்தே வேல செய்யும்.

எனேபிளுக்கு ஜிபிஐஓ 5 ஏன் எடுத்தேன்னா, எனேபிள் பின் தலைகீழ் வேல செய்யும், 0 குடுத்தா ஆன், 1 குடுத்தா ஆஃப். பை பூட் ஆகுற நேரத்துல உங்க புரோகிராம் இன்னும் ஆரம்பிச்சிருக்காது, அப்ப ஜிபிஐஓ 0 முதல் 8 வரைக்கும் உள்ளுக்குள்ளயே மேல இழுத்து வச்சிருக்கும், 9-லேர்ந்து 27 வரைக்கும் கீழ இழுத்து வச்சிருக்கும். ஜிபிஐஓ 22-ல எனேபிள் மாட்டுனா பூட் ஆகும்போதே மோட்டார் முறுக்கிட்டு நிக்கும், சூடாகும். 5-ல மாட்டுனா அமைதியா இருக்கும். கூடவே அந்த 10 கிலோஓம் ரெசிஸ்டர எனேபிளுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவுல போட்டுருங்க, வயர் கழண்டா கூட மோட்டார் ஆஃப்ல தான் இருக்கும்.

பவர் பக்கம். 12 வோல்ட் பிளஸ் விமாட்டுக்கு, மைனஸ் அதுக்கு பக்கத்து ஜிஎன்டி-க்கு. ரெண்டு ஜிஎன்டி-யும் போர்டுக்குள்ளயே சேந்து தான் இருக்கு, அதனால பைக்கும் அடாப்டருக்கும் பொது கிரவுண்ட் தானா வந்துருது. கெப்பாசிட்டர விமாட், ஜிஎன்டி ரெண்டுக்கும் நடுவுல, போர்டுக்கு எவ்வளவு பக்கத்துல வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்துல வைங்க, கோடு போட்ட கால் மைனஸ், மாத்தி போட்டா வெடிக்கும். இந்த கெப்பாசிட்டர சாதாரணமா நெனைச்சு நெறைய பேர் விட்டுடுறாங்க. 12 வோல்ட் தானே, டிரைவர் 35 வோல்ட் வரைக்கும் தாங்குமேனு கேப்பாங்க. ஆனா அடாப்டர் வயர் நீளமா இருக்கும்போது பிளக்க குத்துற அந்த கணத்துல, வயரோட இன்டக்டன்ஸும் போர்டுல இருக்கற செராமிக் கெப்பாசிட்டரும் சேந்து ஒரு ஸ்பைக் கெளப்பும், அது 35-அ கூட தாண்டி போகலாம். கண்ணுக்கு தெரியாது, மீட்டர்லயும் தெரியாது, டிரைவர் மட்டும் செத்து கெடக்கும். சில ரூபா கெப்பாசிட்டர் அதை காப்பாத்தும்.

மோட்டார் வயர், ஒரு ஜோடி 1ஏ 1பி-ல, இன்னொரு ஜோடி 2ஏ 2பி-ல. ஜோடிக்குள்ள மாத்தி போட்டா சுத்துற திசை மட்டும் மாறும், பயப்பட வேணாம். ஜோடிகள கலந்து போட்டா தான் சுத்தாம உறுமிட்டு நடுங்கும்.

இங்க ஒரு விஷயத்த அழுத்தி சொல்றேன், ஏன்னா நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். 12 வோல்ட் ஆன்ல இருக்கும்போது மோட்டார் வயர கழட்டவே கூடாது, காயில்ல ஓடுற கரன்ட் திடீர்னு அறுந்தா வர்ற வோல்டேஜ் டிரைவர கொன்னுரும். நாம கழட்டாட்டியும் வயர் தானா கழண்டா அதே கதி தான். கடலூர் ஓல்டு டவுன்ல இருந்தாலும் சரி, குருசுக்குப்பத்துல இருந்தாலும் சரி, உப்புக்காத்து ஜம்பர் வயரோட அந்த மெல்லிசு தகட்ட சும்மா விடாது, கொஞ்ச நாள்ல கறுத்து, பச்சை பூத்து, பிடிப்பு தளந்துடும். சிக்னல் பக்கம் தளந்தா ஸ்டெப் விட்டுப்போகும், அவ்வளவு தான். மோட்டார் பக்கம் தளந்தா டிரைவர் போச்சு. அதனால டெஸ்ட் பண்ற வரைக்கும் பிரெட்போர்டு, வேல செஞ்சதும் மோட்டார் வயரையும் 12 வோல்ட்டையும் ஸ்க்ரூ டெர்மினலுக்கோ சால்டருக்கோ மாத்திருங்க. மூடி இருக்கற டப்பாவுக்குள்ள வைங்க, சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போட்டு வச்சா ஐப்பசி கார்த்திகை மழைக்கு நல்லது.

இப்ப கரன்ட் லிமிட். இதை பண்ணாம மோட்டார் மாட்டாதீங்க. போர்டுல இருக்கற குட்டி ஸ்க்ரூ தான் காயிலுக்கு எவ்வளவு கரன்ட் போகணும்னு முடிவு பண்ணுது. மோட்டார் லேபிள்ல 2.8 வோல்ட்னு ஏதாவது போட்டிருக்கும், 12 குடுத்தா எரிஞ்சுடாதானு சந்தேகம் வரும். எரியாது, ஏன்னா இந்த டிரைவர் வோல்டேஜ பாத்து ஓடல, கரன்ட்ட பாத்து வேகமா வெட்டி வெட்டி குடுக்குது, நீங்க வச்ச லிமிட் வந்ததும் நிறுத்திடும். வோல்டேஜ் அதிகமா இருந்தா காயில்ல கரன்ட் சீக்கிரம் ஏறும், வேகம் நல்லா கெடைக்கும், அவ்வளவு தான். அதனால லிமிட் சரியா இருக்கறது தான் மோட்டாருக்கும் டிரைவருக்கும் உயிர்.

சிப்புக்கு பக்கத்துல ரெண்டு குட்டி ரெசிஸ்டர் இருக்கும், அதுல ஆர்100, ஆர்068, ஆர்050-னு ஏதோ ஒண்ணு எழுதியிருக்கும், அதாவது 0.1, 0.068, 0.05 ஓம். கணக்கு என்னன்னா, விரெஃப் வோல்டேஜ் (அந்த குட்டி ஸ்க்ரூவ திருப்பி செட் பண்றது) = 8 பெருக்கல் அந்த ஓம் பெருக்கல் வேணுங்கற ஆம்ப். மேசைக்கு 0.8 ஆம்ப் தாராளம். ஆர்100 போர்டுனா 0.64 வோல்ட், ஆர்068-னா 0.435, ஆர்050-னா 0.32. மத்தவங்க சொன்ன விரெஃப் நம்பர அப்படியே எடுத்தா இதனால தான் தப்பா போகுது, ஆர்100-க்கு சொன்னத ஆர்050 போர்டுல வச்சா கரன்ட் ரெண்டு மடங்கா போகும்.

அளக்குற விதம்: மோட்டார் மாட்டாம, 12 வோல்ட்டும் குடுக்காம, பைய மட்டும் ஆன் பண்ணுங்க. மீட்டரோட கறுப்பு முனை ஜிஎன்டி-ல, சிவப்பு முனை அந்த ஸ்க்ரூ மேல. பிளாஸ்டிக் இல்ல செராமிக் ஸ்க்ரூடிரைவரால கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, கால் சுத்துக்கே நெறைய மாறும். ஏ4988-ல இந்த விரெஃப் விடிடி-லேர்ந்து வருது, அதனால 3.3 வோல்ட் குடுத்த நெலையில தான் செட் பண்ணணும், வேற எங்கயோ 5 வோல்ட்ல செட் பண்ணி கொண்டு வந்தா நம்பர் மாறிடும். ஹீட்சிங்க் இல்லாம இந்த போர்டு காயிலுக்கு 1 ஆம்ப் பக்கம் தான் தாங்கும், 2 ஆம்ப்னு விளம்பரத்துல இருக்கறது நல்லா ஃபேன் காத்து இருந்தா மட்டும். ஹீட்சிங்க் ஒட்டும்போது பக்கத்து பின்ல படாம ஒட்டுங்க.

டிஆர்வி8825 வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அதுல விடிடி பின்னே இல்ல, அந்த எடத்துல ஃபால்ட் பின் இருக்கும், அதனால 1-ம் பின் வயர் அங்க வேணாம். ரீசெட், ஸ்லீப் ரெண்டையும் சேத்து 3.3 வோல்ட்ல மாட்டணும், இல்லைனா தூங்கிட்டே இருக்கும். ஆர்100 ரெசிஸ்டர் இருக்கற போர்டுல விரெஃப் பெருக்கல் 2 தான் ஆம்ப், விரெஃப் சிப்புக்குள்ளேர்ந்து வர்றதால 12 வோல்ட் குடுத்து தான் அளக்கணும். மூணு எம்எஸ்-ஸும் மேல போனா 32-ல ஒரு பங்கு, அதனால ஸ்டெப் எண்ணிக்கை எல்லாம் ரெண்டு மடங்கு. மோட்டார் சத்தமே கேக்க கூடாதுனா டிஎம்சி2209 வாங்குங்க, வெல கொஞ்சம் கூட, ஆனா வீடியோ எடுக்கறவங்களுக்கு அது தான் சரி.

முதல் தடவ ஓட்டும்போது எல்லா பவரையும் ஆஃப் பண்ணி மோட்டார மாட்டுங்க, பைய ஆன் பண்ணுங்க, அப்புறம் 12 வோல்ட். எனேபிள 0 ஆக்குனதும் ஷாஃப்ட்ட விரலால திருப்பி பாருங்க, திரும்ப கூடாது, கெட்டியா நிக்கணும். நின்னா வயரிங் பாதி ஜெயிச்சாச்சு.

புரோகிராம் பைத்தான்ல எழுதுங்க, ஜிபிஐஓ ஜீரோ லைப்ரரி போதும், பழைய பைலயும் ஓடும், பை 5-லயும் ஓடும். நெட்ல கெடைக்கற பழைய உதாரணம் பெரும்பாலும் ஆர்பிஐ ஜிபிஐஓ-வோ பிக்பியோ-வோ வச்சு எழுதினது, பை 5-ல ஜிபிஐஓ-வ கவனிக்கறது ஆர்பி1-னு தனி சிப், அதனால அது ரெண்டும் அங்க ஓடாது, வயரிங் தப்போனு தேடி நேரத்த வீணாக்காதீங்க. எழுத வேண்டியது ரொம்ப எளிது: டிர் பின்ன ஒரு திசைக்கு வைங்க, ஸ்டெப் பின்ன ஆன் பண்ணுங்க, கொஞ்சம் நிறுத்துங்க, ஆஃப் பண்ணுங்க, கொஞ்சம் நிறுத்துங்க, இந்த ஒரு ஆன் ஆஃப் தான் ஒரு பல்ஸ், ஒரு மைக்ரோஸ்டெப். இதை லூப்ல போடுங்க. ஏ4988-க்கு 1 மைக்ரோசெகண்ட் ஆன் இருந்தா போதும், பைத்தான் எப்படியும் அதைவிட மெதுவா தான் போகும், அதனால பல்ஸ் அகலம் பத்தி கவலையே வேணாம்.

எத்தன பல்ஸ்ங்கற கணக்குல தான் கவனம் வேணும். 200 ஸ்டெப், 16 மைக்ரோஸ்டெப், ஆக மோட்டார் ஒரு சுத்துக்கு 3200 பல்ஸ். பொம்மை எடைய மோட்டார் ஷாஃப்ட் மேல ஏத்தாதீங்க, டெரகோட்டா குதிரை நல்ல கனம் இருக்கும், ஷாஃப்ட்ல இருக்கற பேரிங் அந்த எடைய மேலேர்ந்து தாங்க செஞ்சது இல்ல. சாப்பாட்டு மேசையில சுத்துற தட்டுக்கு அடியில போடுற பால் பேரிங் பிளேட் ஹார்டுவேர் கடையில கேட்டு வாங்குங்க, தட்டு அது மேல நிக்கட்டும். மோட்டார் பக்கவாட்டுல நின்னு ஜிடி2 பெல்ட்ல (பல் வச்ச பெல்ட்) இழுக்கட்டும், மோட்டார்ல 20 பல் புல்லி, தட்டுல 60 பல். இப்ப தட்டு ஒரு சுத்துக்கு 9600 பல்ஸ்.

எல்லாரும் உடனே 36 போட்டோ, 10 டிகிரிக்கு ஒண்ணுனு ஆரம்பிப்பாங்க. 9600-அ 36-ஆல வகுத்தா 266.67 வருது, முழு நம்பர் இல்ல. 267-னு வச்சா ஒரு சுத்து முடிவுல 12 பல்ஸ் அதிகம் போயிருக்கும், கிட்டத்தட்ட அரை டிகிரி, ஒரு சுத்துக்கு தெரியாது, நாள் பூரா பொம்மை மாத்தி மாத்தி எடுத்தா தட்டுல போட்ட குறி எங்கயோ போய் நிக்கும். 40 போட்டோவா வச்சுக்கோங்க, 9 டிகிரிக்கு ஒண்ணு, சரியா 240 பல்ஸ், மிச்சமே இல்ல. 36 தான் வேணும்னு அடம் பிடிச்சா ஒவ்வொரு தடவையும் 267 கூட்டாம, எத்தனாவது போட்டோவோ அதை 9600-ஆல பெருக்கி 36-ஆல வகுத்து ரவுண்ட் பண்ணுங்க, அது தான் போய் சேர வேண்டிய எடம், இப்ப இருக்கற எடத்த அதுலேர்ந்து கழிச்சா அனுப்ப வேண்டிய பல்ஸ். இப்படி பண்ணா தப்பு சேந்துட்டே போகாது.

வேகத்த எடுத்த எடுப்புல முழுசா குடுக்காதீங்க. பாகூர் பஸ்ல நின்னுட்டு போறப்ப டிரைவர் வெடுக்குனு எடுத்தா நாம பின்னால சாயுற மாதிரி தான், உயரமான பொம்மை தட்டுல ஆடும், மோட்டாரும் அந்த வேகத்த பிடிக்க முடியாம ஸ்டெப்ப விட்டுடும். முதல் பல்ஸுக்கு 4 மில்லிசெகண்ட் இடைவெளி, 40 பல்ஸுக்குள்ள மெதுவா 2-க்கு கொறைங்க, கடைசி 40 பல்ஸ்ல மறுபடி 4-க்கு ஏத்துங்க. 240 பல்ஸும் ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சுடும். அப்புறம் அரை செகண்ட் சும்மா விடுங்க, அதிர்வு அடங்கட்டும், அதுக்கப்புறம் கேமராவுக்கு கட்டளை. பை கேமராவா இருந்தா ரிப்பன்ல மாட்டிக்கலாம், டிஎஸ்எல்ஆர்-னா யுஎஸ்பி கேபிள் போட்டு ஜிஃபோட்டோ2-ங்கற சாஃப்ட்வேர் மூலமா கிளிக் பண்ணலாம், உங்க மாடல் அதுல இருக்கானு லிஸ்ட்ட பாத்துக்கோங்க. எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணையும் லாக் பண்ணுங்க, ஆட்டோல விட்டா செம்மண் கலர் ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒவ்வொரு மாதிரி வரும், பொம்மை செஞ்சவர் உழைப்பு அதுல கெட்டுப்போகும்.

ஒரு சுத்து முடியுற வரைக்கும் எனேபிள ஆஃப் பண்ணாதீங்க. மைக்ரோஸ்டெப்ல நிக்கற ரோட்டார் (மோட்டாருக்குள்ள சுத்துற பகுதி), கரன்ட் போனதும் பக்கத்துல இருக்கற இயல்பான எடத்துக்கு நழுவிடும். சுத்து முடிஞ்சதும் ஆஃப் பண்ணுங்க, ஏன்னா ஸ்டெப்பர் மோட்டார் சும்மா நிக்கும்போதும் கரன்ட் குடிச்சுட்டே தான் இருக்கும். தொட்டா சுடுதேனு பதற வேணாம், ஓரளவு சூடு அதுக்கு இயல்பு. ஆனா மோட்டார் மவுன்ட்ட பிஎல்ஏ பிளாஸ்டிக்ல 3டி பிரிண்ட் பண்ணியிருந்தா 60 டிகிரி பக்கத்துலயே அது இளக ஆரம்பிச்சுடும், அக்னி நட்சத்திர வெயில்ல ஷீட் கூரைக்கு அடியில வேல பாக்கறப்ப அந்த சூடு சீக்கிரம் வந்துரும். மவுன்ட்டுக்கு உலோக எல் கிளாம்ப் போடுங்க, இல்லைனா கரன்ட்ட இன்னும் கொறைங்க, மேசை திரும்புற வரைக்கும் கொறைச்சுட்டே போகலாம்.

லினக்ஸ்ல நம்ம புரோகிராம் மட்டும் ஓடல, நடு நடுவுல வேற வேலைக்கு போயிட்டு வரும், பல்ஸ் இடைவெளி கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். 2 மில்லிசெகண்ட் வேகத்துக்கு அது ஒண்ணும் பண்ணாது. வேற புராஜெக்ட்ல வேகமா சுத்தணும்னா பல்ஸ் குடுக்கற வேலைய ஒரு ராஸ்பெர்ரி பை பிகோ (குட்டி கன்ட்ரோலர் போர்டு) கிட்ட விட்டுட்டு, பெரிய பை யுஎஸ்பி-ல "இவ்வளவு ஸ்டெப் போ"-னு மட்டும் சொல்லட்டும். அதுவும் 3.3 வோல்ட் தான், வயரிங் மாறாது.

ஓடலைனா பாக்க வேண்டியது. உறுமுது, சுத்தலனா காயில் ஜோடி. கொஞ்ச நேரம் ஓடி, நின்னு, ஆறுனதும் மறுபடி ஓடுனா டிரைவர் சூட்டுல தன்ன தானே மூடிக்குது, விரெஃப் கொறைங்க, ஹீட்சிங்க் பாருங்க. மோட்டார் கிளம்புற நேரத்துல பை ரீஸ்டார்ட் ஆனாலோ ஸ்க்ரீன்ல மின்னல் குறி வந்தாலோ பைக்கு பவர் பத்தல, மோட்டார் அடாப்டர்லேர்ந்தே இறக்கி பைக்கு குடுத்திருந்தா அத பிரிச்சு பைக்கு அதோட சொந்த அடாப்டரே குடுங்க. ஷாஃப்ட் கெட்டியா நிக்குது ஆனா நகரலனா ஸ்டெப் வயர், இல்லைனா புரோகிராம்ல வரிசை நம்பர போட்டிருப்பீங்க, 11-னு இருந்தா 17-னு மாத்துங்க.

கரன்ட் கட் ஆகறது இருக்கவே இருக்கு, புயல் மழை நேரத்துல சொல்லவே வேணாம். ஸ்டெப்பருக்கு தான் எங்க நிக்கறோம்னு ஞாபகம் கெடையாது, பவர் வந்ததும் புரோகிராமுக்கு எல்லாம் 0-லேர்ந்து தான். அதனால தட்டோட அடிப்பக்கம் ஒரு சின்ன காந்தம் ஒட்டி, மேசையில ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் பக்கத்துல வந்தா ஆன் ஆகுறது) வச்சு, ஒரு முனைய கிரவுண்ட்லயும் இன்னொரு முனைய ஜிபிஐஓ 6-லயும் (31-ம் பின்) மாட்டிருங்க, ஆரம்பிக்கும்போதெல்லாம் தட்டு மெதுவா சுத்தி அந்த எடத்த தேடி கண்டுபிடிச்சு அதையே 0-னு வச்சுக்கட்டும். எஸ்டி கார்டு கெட்டுப்போகாம இருக்க ராஸ்பி கான்ஃபிக்ங்கற செட்டிங்ஸ்ல ஓவர்லே ஃபைல் சிஸ்டம்னு (கார்டுல எதையும் எழுத விடாது) ஒரு ஆப்ஷன் இருக்கு, எல்லாம் செட் ஆனப்புறம் அத ஆன் பண்ணுங்க, போட்டோவ மட்டும் தனியா ஒரு பென்டிரைவ்ல சேருங்க. வேல முடிஞ்சதும் முதல்ல எனேபிள் ஆஃப், அடுத்து 12 வோல்ட் பிளக், கடைசியா பைய ஷட்டவுன் பண்ணி பச்சை லைட் அணைஞ்சப்புறம் அதோட பிளக்.